மெக்கானிக்கல் கீபோர்டுக்கு ஸ்விட்ச் தேர்ந்தெடுப்பது எப்படி: தமிழ் அடிக்கும் கைகளுக்கு ஒரு வழிகாட்டி

கஸ்டம் கீபோர்டு கட்டலாம் என்று இறங்குபவர்கள் வெளிப்பெட்டியான கேஸுக்கும், விரல் படும் மூடியான கீகேப்புக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். ஒவ்வொரு கீகேப்புக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்சை மட்டும் யூடியூபில் சத்தம் கேட்டுவிட்டு ஒரே ராத்திரியில் ஆர்டர் போட்டுவிடுவார்கள். பெட்டி வந்து, எழுபதையும் மாட்டி, ஒரு வாரம் அடித்த பிறகுதான் சுண்டு விரல் வலிப்பது தெரியும். அதற்குள் பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

இது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்துகொண்டு முதல் கீபோர்டு கட்டுபவர்களுக்காக எழுதியது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் டைப் செய்பவர், ஓசூரில் அறை எடுத்துத் தங்கி பெங்களூரு கம்பெனிக்கு வேலை செய்பவர், விடுதியில் ராத்திரி கண்விழித்து புரோகிராம் எழுதும் மாணவர் என்று யாராக இருந்தாலும் பார்க்கவேண்டிய வரிசை ஒன்றுதான். முதலில் போர்டு, அடுத்து பக்கத்தில் இருப்பவர்களின் காது, மூன்றாவது எடை. சத்தத்தின் அழகெல்லாம் அதற்கப்புறம். எடையில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள், அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

முதல் வேலை: போர்டு எதை ஏற்கும் என்று பாருங்கள்

சந்தையில் கிடைக்கும் ஸ்விட்சுகளில் பெரும்பகுதி செர்ரி எம்எக்ஸ் அமைப்பில் வருபவை. ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980களில் கொண்டுவந்த வடிவம் அது. காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கெய்ல், அவுட்டெமு, அக்கோ, கேடிடி என்று பல பெயர்களில் அதே அளவில் செய்கிறார்கள். மேலே கூட்டல் குறி போன்ற தண்டு, கீழே இரண்டு உலோகக் கால், ஸ்விட்சைத் தாங்கும் பிளேட்டில் 14 மி.மீ. சதுர ஓட்டை. இந்த மூன்றும் இருந்தால் எம்எக்ஸ் வகை.

எம்எக்ஸ் போர்டில் உட்காராதவை மூன்று. ஒன்று, லோ-புரொஃபைல் எனப்படும் குட்டை ஸ்விட்ச். இதன் கால் அமைப்பே வேறு. இரண்டு, ஆப்டிகல் ஸ்விட்ச். ஒளியை மறைத்து வேலை செய்வதால் உலோகத் தொடர்பே கிடையாது. மூன்று, இப்போது கேமர்கள் தேடும் ஹால் எஃபெக்ட் காந்த ஸ்விட்ச். இதற்கு பிசிபியில், அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில், காந்த உணரி வேண்டும். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பெயரில் 'மேக்னெட்டிக்' என்றோ 'ஹெச்இ' என்றோ இருந்தால் சாதாரண பிசிபிக்கு அது வெறும் பிளாஸ்டிக்.

அடுத்து, போர்டு ஸ்விட்சை அப்படியே செருகிக் கழற்றும் ஹாட்ஸ்வாப்பா, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங்கா? முதல் கீபோர்டு என்றால் ஹாட்ஸ்வாப்பைத் தவிர வேறெதையும் யோசிக்கவேண்டாம். 68 கீ உள்ள போர்டில் 136 ஈயப் புள்ளிகள் இருக்கும். ஸ்விட்ச் பிடிக்கவில்லை என்றால் அத்தனையையும் உருக்கி உறிஞ்சவேண்டும். நடுவில் ஒரு செம்பு வளையம் பெயர்ந்து வந்தாலும் அந்த கீ போயிற்று.

ஹாட்ஸ்வாப்பிலும் ஒரு சூது உண்டு. விலை மலிந்த சில போர்டுகளில் சாக்கெட்டுக்குப் பதிலாகச் சிறிய குழாய் போன்ற ஓட்டைகள் இருக்கும். அவுட்டெமு ஸ்விட்சின் மெல்லிய கால்தான் அதில் நுழையும். கேட்டரானையோ செர்ரியையோ அழுத்தினால் கால் மடங்கும், இல்லையென்றால் ஓட்டை அகன்று பிறகு அவுட்டெமுவும் ஆடும். விவரக்குறிப்பில் 'அவுட்டெமு ஸ்விட்சுக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் எங்காவது போட்டிருப்பார்கள். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

மூன்று கால், ஐந்து கால் விஷயம் எளிது. ஐந்து கால் ஸ்விட்சில் இரண்டு உலோகக் காலோடு நடுத் தண்டின் இருபுறமும் பிளாஸ்டிக் முளைகள் கூடுதலாக இருக்கும். போர்டில் அவற்றுக்கு ஓட்டை இருந்தால் நல்லது, ஸ்விட்ச் நேராக நிற்கும். இல்லையென்றால் நகவெட்டியால் அந்த இரண்டு முளையை மட்டும் அடியோடு வெட்டிவிட்டு மாட்டலாம். மூன்று கால் ஸ்விட்ச் எதிலும் உட்காரும்.

கடைசியாக, எல்இடி இருக்கும் பக்கம். போர்டை உங்கள் முன் வைத்துப் பார்க்கும்போது எல்இடி திரைப் பக்கம் இருந்தால் நார்த்-ஃபேசிங், உங்கள் பக்கம் இருந்தால் சவுத்-ஃபேசிங். நார்த்-ஃபேசிங் போர்டில் செர்ரி புரொஃபைல் எனப்படும் குட்டையான வடிவ கீகேப் போட்டால் சில வரிசைகளில் கீகேப்பின் உள்விளிம்பு ஸ்விட்சின் மேல்மூடியில் இடிக்கும். அந்த வரிசை மட்டும் வேறு மாதிரி சத்தம் போடும். ஸ்விட்ச் சரியில்லை என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள், தப்பு ஸ்விட்சில் இருக்காது. அதைவிடச் சற்று உயரமான ஓஇஎம் புரொஃபைல் கீகேப் போட்டால் தொல்லை தீர்ந்தது.

லீனியர், டாக்டைல், கிளிக்கி

லீனியர் வழுக்கிக்கொண்டு நேராகக் கீழே போகும். டாக்டைலில் வழியில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். கிளிக்கியில் மேட்டோடு 'டிக்' என்ற சத்தமும் வரும். அடிப்படை நிறங்கள் செர்ரியிலிருந்து வந்தவை: சிவப்பு லீனியர், பழுப்பு டாக்டைல், நீலம் கிளிக்கி. இதற்கு வெளியே நிறத்தை நம்பாதீர்கள். கெய்ல் பாக்ஸ் பிங்க் கிளிக் சத்தம் போடுவது. செர்ரியின் சைலன்ட் ரெட் தண்டும் பார்க்க ரோஸ் நிறம்தான், ஆனால் சத்தமே வராது.

கிளிக்கி வேண்டும் என்பவர்கள் முதலில் தங்கள் அறையை நினைத்துப் பார்க்கவேண்டும். ஓசூரில் ஒரே அறையில் மூன்று பேர் தங்கி, ஒருவர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறார் என்றால் நீல ஸ்விட்ச் இரண்டு நாள் தாங்காது. டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை, மொட்டைச் சுவர் உள்ள அறையில் சத்தம் இன்னும் பெருகும். அங்கே சைலன்ட் வகைதான் மரியாதை. இதில் தண்டின் நுனியில் ரப்பர் மெத்தை வைத்திருப்பார்கள். லீனியரில் செர்ரி சைலன்ட் ரெட் 45 கிராம், டாக்டைலில் போபா யு4. வாங்கும்போது யு4 வேறு, யு4டி வேறு என்பதை மறக்கவேண்டாம்; டி சேர்ந்தது சைலன்ட் அல்ல, நன்றாகச் சத்தம் போடும். சைலன்ட் ஸ்விட்ச் அடிமட்டத்தில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது, பழகவும் பழகாது.

டாக்டைலில் பழுப்பு ஸ்விட்சை எல்லோரும் பரிந்துரைப்பார்கள், 'இரண்டுக்கும் நடுவில் இருக்கும்' என்று. அதன் மேடு மிகச் சிறியது. பழைய மெம்பிரேன் கீபோர்டின் ரப்பர் மேட்டுக்குப் பழகிய விரலுக்கு அது மேடாகவே தெரியாது, உள்ளே மண் சிக்கியது போல இருக்கும். மேடு வேண்டும் என்றால் நன்றாகத் தெரியும் மேடாக வாங்குங்கள், வேண்டாம் என்றால் லீனியருக்குப் போய்விடுங்கள்.

எடை

பெட்டியில் போட்டிருக்கும் கிராம் கணக்கில் இரண்டு வகை உண்டு. எழுத்து பதிவாகும் இடத்தில் தேவைப்படும் விசை ஒன்று, அடிவரை அழுத்தத் தேவைப்படும் விசை இன்னொன்று. சாதாரண எம்எக்ஸ் வகையில் மொத்தப் பயணம் 4 மி.மீ.; எழுத்து 2 மி.மீ. போனதும் பதிவாகிவிடும். செர்ரி ரெட் பதிவுக்கு 45, பிளாக் 60, ப்ளூ மேட்டைத் தாண்ட 60. சென்டிநியூட்டன் என்று போட்டிருந்தாலும் கிராம் என்றே எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் இரண்டு சதவீதம்தான். சில கடைகள் முதல் எண்ணை மட்டும் போடும், சில கடைகள் இரண்டாவதை. 50 என்ற ஒரு ஸ்விட்சும் 62 என்ற இன்னொன்றும் கையில் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டில் எது என்று பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். நம்மில் பலர் அடிவரை குத்தித்தான் டைப் அடிக்கிறோம், அதனால் அடிமட்ட எண்தான் விரலுக்கு முக்கியம்.

இப்போது கையில் இருக்கும் கீபோர்டு எத்தனை கிராம் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ரூபாய் குறி பொறித்த 10 ரூபாய் நாணயம் சுமார் 7.7 கிராம். நம்மூர் கடைகளில் வாங்கத் தயங்குகிற அதே நாணயம்தான். வீட்டில் நாலைந்தாவது தேங்கிக் கிடக்கும். நடுவில் உள்ள ஒரு கீயைத் தேர்ந்தெடுத்து, சுற்றியுள்ள கீகேப்புகளைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் 27 மி.மீ. அகல நாணயம் பக்கத்து கீயில் சாய்ந்துகொள்ளும். நோட்பேடைத் திறந்துவைத்து, ஒவ்வொரு நாணயமாக மெதுவாக அடுக்குங்கள். எழுத்து விழும் வரை எத்தனை, அடிமட்டம் தொடும் வரை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு நாணயம் 46 கிராம், ஏழு 54, எட்டு 62, ஒன்பது 69. நாணயத்தைத் தொப்பென்று போட்டால் கணக்கு குறைவாகக் காட்டும், கையை எடுக்காமல் இறக்குங்கள். நான்கைந்து கீயில் செய்து சராசரி எடுங்கள். ஒரே பாக்கெட்டில் வந்த ஸ்விட்சுகளிலேயே சில கிராம் கூடக்குறைய இருக்கும்.

இந்த எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இப்போதைய கீபோர்டு கனமாகத் தெரிகிறதா, ஐந்து முதல் பத்து கிராம் குறைத்துத் தேடுங்கள். தெரியாமல் பக்கத்து எழுத்து விழுகிறதா, அதே அளவு கூட்டுங்கள். ஒரேயடியாக இருபது கிராம் தாவவேண்டாம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்த கை தனி ரகம். மெஷினின் இரும்புக் கட்டையைக் குத்திப் பழகிய விரல் அது. 35, 40 கிராம் லீனியரைக் கொடுத்தால் விரல் ஓய்வாக மேலே வைத்திருக்கும்போதே எழுத்து விழும். ஸ்பீட் என்ற பெயரில் வரும் ஸ்விட்சுகள் இன்னும் மோசம். செர்ரி ஸ்பீட் சில்வர் 1.2 மி.மீ.யிலேயே பதிவாகிவிடும். இவர்களுக்கு 60 கிராமைச் சுற்றிய லீனியரோ, மேடு தெரிகிற டாக்டைலோ ஒத்துவரும். பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டிலேயே தமிழ் அடிப்பவர் என்றால் ஷிஃப்டை அடிக்கடி தொடவேண்டியிருக்கும். அந்த இரண்டு கீக்கும் கொஞ்சம் இலகுவான ஸ்விட்ச் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

தமிழ்99 அடிப்பவர்கள் கவனிக்கவேண்டியது வலது சுண்டு விரலை. 1999-இல் தமிழக அரசு ஏற்ற இந்த லேஅவுட்டில் உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ஆங்கிலத்தில் வலது சுண்டு விரலுக்குப் பெரும்பாலும் பி (P) என்ற ஓர் எழுத்தும் சில குறிகளும்தான். தமிழ்99-இல் அதே விரலுக்கு ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு மெய். 'பஞ்சு' என்று அடித்துப் பாருங்கள்: ப ஆள்காட்டி விரல், ஞ சுண்டு விரல், உடனே ச-வும் சுண்டு விரல். அதுவும் இரண்டும் மேல் வரிசையில், விரலை நீட்டி எட்டவேண்டிய இடத்தில். 'நண்டு' என்றாலும் ந, ண இரண்டும் அதே விரல். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஸ்விட்ச் விமர்சனம் எதிலும் இந்தக் கணக்கு இருக்காது. ஆங்கிலத்துக்கு 65 கிராம் சுகமாக இருக்கிறது என்று சொல்பவரின் சுண்டு விரல் இந்த வேலையைப் பார்ப்பதில்லை.

தீர்வு எளிது, ஹாட்ஸ்வாப்பில் செலவும் குறைவு. போர்டு முழுக்க உங்களுக்குப் பிடித்த எடையைப் போடுங்கள். அந்த ஆறு கீக்கு மட்டும் அதே குடும்பத்தில் 10 கிராம் இலகுவான ஸ்விட்ச் போடுங்கள். ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருந்தால் சத்தத்தில் வித்தியாசம் காட்டாது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினாலும் சரி.

ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி அடிப்பவர்களுக்குப் பாரம் இடது கைக்குப் போகிறது. 'வணக்கம்' என்ற ஒரு சொல்லுக்கே ஏ (A) கீயை மூன்று முறை தட்டவேண்டும், அது இடது சுண்டு விரல். அவர்கள் இலகுவாக்கவேண்டியது அந்த ஒரு கீயை.

சத்தமும் தூசியும்

யூடியூபில் கேட்கும் 'தொக்' சத்தத்தில் ஸ்விட்சுக்குப் பங்கு உண்டு, ஆனால் கேஸ், பிளேட், உள்ளே வைத்த ஃபோம், கீகேப்பின் தடிமன், மேசை, மைக் எல்லாமும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதே ஸ்விட்சை உங்கள் பிளாஸ்டிக் கேஸில் போட்டால் அதே சத்தம் வராது. பொதுவாக நைலான் உடல் அடங்கிய சத்தம் தரும், பாலிகார்பனேட் உடல் கொஞ்சம் கூர்மையாக ஒலிக்கும். 'லாங் போல்' என்று போட்டிருந்தால் தண்டு நீளம், அது நேராக அடியில் இடித்து 'டக்' என்று கேட்கும்; பயணமும் 4 மி.மீ.க்குப் பதில் மூன்றரையைச் சுற்றி நின்றுவிடும். டைப்ரைட்டர் கைக்கு இந்த இடி சீக்கிரம் வலி கொடுக்கும். கீபோர்டுக்கு அடியில் ஒரு தடித்த துணி விரிப்பு போட்டாலே சத்தத்தில் பாதி மாறிவிடும். அதைச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு ஸ்விட்சைக் குறை சொல்லுங்கள்.

கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் பட்டறைகளுக்கு அருகில் இருப்பவர்களும், நெடுஞ்சாலையைப் பார்த்த கடைகளில் டைப் அடிப்பவர்களும் தூசியை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளவேண்டும். அந்த மாவு போன்ற தூசி தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியில் இறங்கினால் வழுக்கிப் போகவேண்டிய லீனியர் சொரசொரவென்று போகும். தண்டைச் சுற்றிச் சதுரச் சுவர் உள்ள பாக்ஸ் வகை இதற்கு நல்லது. கெய்ல் பாக்ஸ் ஸ்விட்சின் தொடர்புப் பகுதி தனிப் பெட்டிக்குள் மூடியிருக்கும், தூசிக்கும் தண்ணீர்த் தெளிப்புக்கும் ஐபி56 என்று கம்பெனி தரம் சொல்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் கிரீஸை அதிகமாகத் தடவிய ஸ்விட்ச் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடை மூடும்போது கீபோர்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்துவதற்குக் காசு ஆகாது.

பத்து வாங்கிப் பார்ப்பது

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு ஓசூரிலிருந்து பஸ் தூரம்தான். ஆனால் அங்கே தொட்டுப் பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் தயாராக வரும் மெக்கானிக்கல் கீபோர்டுகள். சிவப்பு, பழுப்பு, நீலம் மூன்றும் எப்படி இருக்கும் என்று விரலுக்குக் காட்ட அது போதும். உதிரி ஸ்விட்சுக்கு இந்திய ஆன்லைன் கடைகள்தான் வழி. அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலிருந்து இங்கே தடையில் இருப்பதால் சீனாவிலிருந்து நேரடியாக வரவழைக்கும் பழைய யோசனைகளை விட்டுவிடுங்கள். ஆரம்பக்காரருக்குப் போதுமான ஸ்விட்ச் ஒன்று 20 முதல் 50 ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேல் கொடுப்பது ரசனைக்கு.

மூன்று வகையைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து வாங்குங்கள். ஒன்பது ஸ்விட்ச் பதித்த அக்ரிலிக் டெஸ்டர் கட்டையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதை எல்லோரும் ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்திப் பார்க்கிறார்கள். அந்த விரலுக்கு எல்லா ஸ்விட்சும் இலகுதான்.

பத்தையும் எங்கே மாட்டுவது? தமிழ்99 ஆட்கள் க, ப, ம, த, ந, ய என்று வலது நடு வரிசை ஆறில் மாட்டட்டும். மேல் வரிசையில் ண, ச இரண்டு. இடது கையில் உ-வும் புள்ளியும். தமிழ் உரை அடிக்கும்போது இந்தப் பத்தும் ஓயாமல் வேலை செய்யும். ஆங்கிலம் மட்டும் அடிப்பவர்கள் நடு வரிசை முழுக்க மாட்டினால் போதும். ஒவ்வொரு வகைக்கும் மூன்று நான்கு வேலை நாளாவது கொடுங்கள். முதல் நாள் எதுவும் புதிதாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் எந்த விரல் களைத்திருக்கிறது, எந்த எழுத்து விட்டுப்போகிறது என்று பாருங்கள். எழுத்து விட்டுப்போனால் எடை அதிகம். கூடுதலாக விழுந்தால் எடை குறைவு. விரல் நுனி வலித்தால் அடிமட்ட இடி அதிகம், அதற்கு எடையை மாற்றிப் பயனில்லை. சைலன்டுக்கோ நீளப் பயணத்துக்கோ போங்கள்.

மொத்தமாக வாங்கும்போது எண்ணிக்கை போர்டின் அளவைப் பொறுத்தது: 60 சதவீத போர்டுக்கு 61, 65 சதவீதத்துக்கு 67 அல்லது 68, 75 சதவீதத்துக்கு 80-லிருந்து 84, நம்பர் பேட் இல்லாத டிகேஎல் 87, முழு அளவு 104. இது போக ஐந்தாறு உபரி வேண்டும். கால் மடங்குவது, மாட்டும்போது மூடி தெறிப்பது எல்லாம் நடக்கும். அதே ஸ்விட்ச் ஆறு மாதம் கழித்து அதே மாதிரி கிடைக்கும் என்று சொல்லமுடியாது. பெயர் அதேதான் இருக்கும், உள்ளே அச்சை மாற்றியிருப்பார்கள்.

லூப் போடவேண்டுமா?

இப்போது வரும் லீனியர்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே மெல்ல லூப், அதாவது வழுக்கும் மசகு, போட்டு வருகின்றன. காதருகே வைத்து மெதுவாக அழுத்துங்கள். மணலில் தேய்வது போலச் சத்தமோ, ஸ்பிரிங் 'கிணிங்' என்று பாடுவதோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 70 ஸ்விட்ச் திறந்து, தடவி, மூட மூன்று நான்கு மணி நேரம் போகும். சலிப்பான வேலை.

போடுவதானால், லீனியருக்கு கிரைட்டாக்ஸ் 205 ஜீரோ கிரேடு. டாக்டைலுக்கு அதைவிட நீர்த்த ட்ரைபோசிஸ் 3203. கிளிக்கிக்கு எதுவும் வேண்டாம், கிளிக் செத்துவிடும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் ஆயில், வாசலின் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். ஓடி உலோகத் தகட்டில் இறங்கி எழுத்து விழாமல் செய்துவிடும்.

ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஸ்விட்ச் திறக்கும் கருவியால் மூடியைக் கழற்றினால் ஐந்து துண்டு வரும்: மேல்மூடி, தண்டு, ஸ்பிரிங், கீழுடல், அதில் பதித்த செம்புத் தகடு. ஸ்பிரிங்குகளை மொத்தமாக ஒரு ஜிப் கவரில் போட்டு, கிரைட்டாக்ஸ் 105 எண்ணெய் சில சொட்டு விட்டு, ஒரு நிமிடம் குலுக்கினால் போதும். தண்டுக்கு ஜீரோ அளவு பிரஷ். பிரஷைத் தோய்த்து, டப்பா விளிம்பில் நன்றாக வழித்துவிட்டு, கீழுடலின் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் தண்டின் இரண்டு பக்கத்திலும் ஒரு இழுப்பு. தடவிய இடம் லேசாகப் பளபளக்கவேண்டும், வெள்ளையாகத் தேங்கி நிற்கக்கூடாது. வெள்ளை தெரிந்தால் அதிகம்; ஸ்விட்ச் மெதுவாக எழும்பும், சேற்றில் கால் வைத்தது போல இருக்கும். டாக்டைலில் தண்டின் முன்பக்கம் நீட்டியிருக்கும் இரண்டு கால்களில் பிரஷ் படவேகூடாது. மேடு உருவாகும் இடமே அதுதான். செம்புத் தகட்டையும் தொடாதீர்கள்.

மேல்மூடி கீழுடலில் ஆடினால் மட்டும் நடுவில் ஃபிலிம் என்ற மெல்லிய ஏடு வைக்கலாம். இறுக்கமான ஸ்விட்சில் ஃபிலிம் வைத்தால் மூடி பூட்டாது, கீகேப்பைக் கழற்றும்போது தண்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து பறக்கும்.

மாட்டும் முறை

நீளமான கீகள் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர்கள் முதலில். ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட் கம்பிகளுக்கு கிரீஸ் போட்டு அவற்றை உட்காரவைத்துவிட்டுப் பிறகு ஸ்விட்சுக்கு வாருங்கள். ஸ்விட்ச் எல்லாம் மாட்டியபின் ஸ்டெபிலைசர் கடகடக்கிறது என்று தெரிந்தால் பல போர்டுகளில் முழுக்கப் பிரிக்கவேண்டிவரும்.

ஒவ்வொரு ஸ்விட்சையும் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். இரண்டு காலும் நேராக நிற்கிறதா? சற்று சாய்ந்திருந்தாலும் ட்வீசரால் நிமிர்த்துங்கள். நாலு மூலையிலும் பிளேட்டைப் பூட்ட முதலில் நான்கு ஸ்விட்ச், பிறகு நடுவில் ஒன்று, அதற்கப்புறம் வரிசையாக. அழுத்தும்போது சாய்க்காமல் நேராக இறக்கவேண்டும். கேஸில் போடும் முன் மாட்டினால் இன்னொரு கையின் விரலைப் பின்பக்கம் அதே சாக்கெட்டுக்கு அடியில் வைத்துத் தாங்குங்கள். தாங்காமல் குத்தினால் சாக்கெட் பிசிபியிலிருந்து பெயர்ந்து வரும். ஹாட்ஸ்வாப் போர்டுகள் கெட்டுப்போவது அதிகமும் இப்படித்தான். 'டக்' என்று உட்கார்ந்ததும் நான்கு பக்கமும் பிளேட்டோடு சமமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் மேலும் அழுத்தாமல் கழற்றிப் பாருங்கள், கால் மடங்கியிருக்கும். ஒருமுறை மடங்கியதை நிமிர்த்தலாம், இரண்டாம் முறை ஒடிந்துவிடும்.

கழற்றும்போது ஸ்விட்சைப் பிடுங்கும் கருவியான புல்லரின் இரண்டு கவ்வியும் ஸ்விட்சின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும், அதாவது திரைப் பக்கத்தையும் உங்கள் பக்கத்தையும் பிடிக்கவேண்டும். பூட்டுத் தாழ்கள் இருப்பது அங்கேதான். இடவலமாகப் பிடித்து இழுத்தால் உடலில் கீறல்தான் மிச்சம்.

கீகேப் போடுவதற்கு முன்பே கேபிளைச் செருகி, உள்ளீட்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஏதாவது ஒரு கீபோர்டு டெஸ்ட் பக்கத்தில் ஒவ்வொரு கீயையும் தட்டிப் பாருங்கள். வேலை செய்யாத கீயில் நூற்றுக்குத் தொண்ணூறு கால் மடங்கியதுதான் காரணம். கால் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் அங்கே வேறொரு ஸ்விட்சை மாட்டுங்கள். அப்போதும் இல்லையென்றால் பிசிபியிலோ சாக்கெட்டிலோ கோளாறு. கீகேப் மாட்டி அழகு பார்ப்பதற்குள் விற்றவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து

சில மாதம் கழித்து வரக்கூடிய தொல்லை இது: ஒருமுறை தட்டினால் இரண்டு முறை விழும். ஆங்கிலம் அடிப்பவருக்கு எழுத்துப்பிழையாகத் தெரியும், ஸ்பெல்செக்கும் அடிக்கோடு போடும். தமிழ்99-இல் அப்படி இல்லை. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வைப்பது அந்த முறையின் வசதி. ஆகவே க கீ ஒருமுறை கூடுதலாக விழுந்தால் 'மகளுக்கு' என்பது 'மக்களுக்கு' என்று ஆகிவிடும். இரண்டும் சரியான சொல், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. தானப் பத்திரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று பத்திரம் எழுதுபவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

காரணம் செம்புத் தகட்டில் தூசி, அதிகப்படி லூப், அல்லது சர்க்கரை டீ சிந்தியது. டீக்குப் பின்னாலேயே எறும்பும் உள்ளே போயிருக்கும். முதலில் அந்த ஸ்விட்சைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் இன்னொரு கீயின் ஸ்விட்சோடு இடம் மாற்றுங்கள். கோளாறு ஸ்விட்சோடு நகர்ந்தால் ஸ்விட்ச் போயிற்று, உபரியில் ஒன்றைப் போடுங்கள். முப்பது ரூபாய்ப் பொருளைத் திறந்து துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோளாறு அதே இடத்தில் நின்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, அல்லது கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் டீபவுன்ஸ் நேரம், அதாவது ஒரு தட்டின் அதிர்வை இன்னொரு தட்டாக எண்ணாமல் விடும் இடைவெளி, மிகக் குறைவாக வைத்திருக்கிறது. கேமுக்காக அதை ஒரு மில்லிசெகண்டுக்கு இறக்கியவர்கள் ஐந்துக்கு ஏற்றிப் பார்க்கலாம்.

உபரி ஸ்விட்சுகளையும் புல்லரையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மேலே ஸ்விட்சின் முழுப் பெயர், எடை, வாங்கிய மாதம் மூன்றையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். எடை குறைத்துப் போட்ட ஆறு கீக்கும் தனியாக இரண்டு உபரி அதே டப்பாவில் இருக்கட்டும்.